உயிரோடிருந்தவருக்கு நான் எழுதிய நினைவஞ்சலி

நம் இறையியல் கல்லூரியில் படித்து வெளியேறிய அன்பர்களே, உங்கள் எல்லாருக்கும் ஸ்தோத்திரம்.

வழக்கமாக இந்தத் தாளில் நான் மற்றவர்களுடைய செய்திகளைத்தான் எழுதுவேன். யார் ஓய்வு பெற்றார், யாருக்குப் பேரப்பிள்ளை, யார் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். பதினான்கு ஆண்டுகள், ஐம்பத்தாறு இதழ்கள். இந்த முறை என் செய்தியை எழுதுகிறேன். மூன்று தடவை எழுதிக் கிழித்துப் போட்டேன். ஆனாலும் சொல்லியாக வேண்டும்.

உயிரோடிருந்த ஒருவரை நான் இறந்தவர்களோடு சேர்த்துவிட்டேன்.

நம் ஜெபப் பட்டியலைப் பற்றி அறியாத இளையவர்களுக்காக இதைச் சொல்கிறேன். தாளின் முன்பக்கத்தில் மாதத்தின் ஒவ்வொரு நாளுக்கும் சில பெயர்கள் இருக்கும். அந்தந்த நாளின் விடியலில் நாம் எல்லாரும், எந்த ஊரில் இருந்தாலும், அந்தப் பெயர்களைச் சொல்லி அவர்களுக்காகவும் அவர்கள் வீட்டாருக்காகவும் ஜெபிப்போம். ஒருவர் இறந்தால் அவர் பெயர் பின்பக்கத்துக்கு, நினைவுகூருதலுக்குப் போய்விடும். இறந்தவர்களுக்காக நாம் ஜெபிப்பதில்லை. அதனால் பின்பக்கம் போன பெயரை எந்த விடியலிலும் யாரும் சொல்வதில்லை.

ஒன்பதாம் நாளில் இருந்த மாசிலாமணியின் பெயரை நான்தான் பின்பக்கத்துக்குக் கொண்டுபோனேன்.

மாசிலாமணியும் நானும் கல்லூரியில் ஒரே அறை. பிறகு அவர் இங்கே மலேசியாவில் சபாக் பக்கத்துத் தோட்டச் சபைகளைப் பார்த்தார், நான் கோலா சிலாங்கூர்ப் பக்கம். ஆறு ஆண்டுகளுக்கு முன் ஒரு கூட்டத்தில் அவர் என்னைப் பார்த்து, "செல்லையா ஆடுகளை எண்ணுவான், மேய்க்கமாட்டான்" என்று எல்லார் முன்னும் சொன்னார். இருபத்தாறு பேர் சிரித்தார்கள். அன்றோடு பேச்சை நிறுத்திவிட்டேன். அவர் இரண்டு முறை போன் செய்தார். நான் எடுக்கவில்லை.

பிறகு அவருக்கு அனுப்பிய தாள் இரண்டு முறை திரும்பி வந்தது. ஒரு கல்யாண வீட்டில் யாரோ, அவர் பக்கவாதத்தில் நினைவில்லாமல் கிடக்கிறார், இந்த வாரம் தாண்டாது என்றார்கள். இரண்டு மாதம் வேறு செய்தி இல்லை. இதழ் அச்சுக்குப் போக வேண்டும். காரில் ஏறினால் ஒன்றரை மணி நேரத்தில் சபாக். அப்போது என் கண் நன்றாகத் தெரிந்தது, கால் நன்றாக நடந்தது. நான் போகவில்லை. நான்கு வரி நினைவஞ்சலி எழுதிப் பெயரை மாற்றினேன். செல்லையா எழுதினால் சரியாகத்தான் இருக்கும் என்று நீங்கள் எல்லாரும் நம்பினீர்கள். ஒருவரும் கேட்கவில்லை.

இரண்டு ஆண்டுகள் நான்கு மாதங்கள் கழிந்தன. கடந்த பழைய மாணவர் கூடுகைக்காக ஒரு புதன்கிழமை எங்கள் சபையில் நாற்காலி எண்ணிக்கொண்டிருந்தேன். சபாக்குக்குப் புதிதாக மாற்றலாகியிருந்த இளம் போதகர் ஷீபாவும் உதவிக்கு வந்திருந்தார். பழைய இதழ் ஒன்றைப் புரட்டிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார்.

"ஐயா, பின்பக்கத்துல மாசிலாமணின்னு போட்டிருக்கே, இது எந்த மாசிலாமணி?"

"என் அறைத் தோழர். சபாக்கில் இருந்தார். போய்விட்டார்."

"எங்க போனாரு? நேத்துதானே ஐயா நான் அவருக்கு ராப்போஜனம் கொடுத்தேன். அப்பம் காஞ்சு போயிருக்குன்னு என்னைத் திட்டினாரு லா."

நான் உட்கார்ந்துவிட்டேன். அவர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, சபாக்குக்குப் புதிதானவர் என்பதால் தனக்குத் தெரிந்த மட்டும் மீதியைச் சொன்னார். பக்கவாதம் வந்தது உண்மை, அதிலிருந்து எழுந்துவிட்டார். குடியிருந்த தோட்டத்து லய வீடுகளை இடித்துவிட்டதால் டவுனுக்குப் பக்கத்தில் ஒரு வீட்டுக்கு மாறியிருக்கிறார். இப்போது இனிப்பு நீர் வியாதியில், சர்க்கரை ஏறி, கால் அழுகிவிட்டது.

"நாளைக்குக் காலையில முட்டிக்குக் கீழ எடுக்கறாங்க ஐயா. நெஞ்சும் பலவீனம். எழுந்து வந்தா ஆண்டவர் கிருபைன்னு டாக்டரே சொல்லிட்டாரு."

மறுநாள் விடிந்ததும் என் மகள் ஹெலன் லீவு போட்டு வண்டியை எடுத்தாள். இப்போது நான் ஓட்டுவதில்லை, கண்ணில் புரை.

"ஆறு வருசமா போகாத வீட்டுக்கு இப்ப என்னப்பா இவ்வளவு அவசரம்?" என்றாள். தஞ்சோங் காராங் வயல்களைத் தாண்டும்போது உரக்க ஜெபிக்க ஆரம்பித்தேன். "ஆண்டவரே, அவரை எடுத்துக்கொள்ளாதேயும். நான் எழுதினது பொய்யாகவே இருக்கட்டும். அவர் காதில் விழ மன்னிப்புக் கேட்க எனக்கு ஒரு நாள் தாரும்." செகிஞ்சான் வருவதற்குள் நாற்பது தடவையாவது சொல்லியிருப்பேன். ஹெலனும் "ஆமென்" சொன்னாள்.

மருத்துவமனைக்குப் போனபோது அவரை உள்ளே கொண்டுபோய் இருபது நிமிடம் ஆகியிருந்தது. ஷீபா வெளியே நின்றிருந்தார். மூன்று மணி நேரம் பத்து நிமிடம் அந்த பெஞ்சில் இருந்தோம். இடையில் ஒரு தாதி வேகமாக வெளியே வந்து இன்னொரு டாக்டரை அழைத்துக்கொண்டு போனார். நான் எழுதிய நான்கு வரியும் என் கண் முன் வந்தன. தரையில் முழங்கால் போட்டேன், எழும்ப இரண்டு பேர் பிடிக்க வேண்டியிருந்தது. கடைசியில் டாக்டர் வந்து, நடுவில் இரத்த அழுத்தம் விழுந்துவிட்டது, எங்களுக்கே பயமாகிவிட்டது, இப்போது பரவாயில்லை என்றார்.

அன்பர்களே, கர்த்தர் என் ஜெபத்தைக் கேட்டார். ஒரு நாள் கேட்டேன். இன்றுவரை அவர் உயிரோடு இருக்கிறார்.

மூன்றாம் நாள் என்னை அவரருகில் உட்கார விட்டார்கள். கண்ணைத் திறந்து பார்த்தார்.

"யாரு, செல்லையாவா? என்னை அடக்கம் பண்ண வந்தியா?"

"மன்னிச்சிரு மாசி."

"லயத்துல கூட இருந்த மாமி ஒருத்தங்க, எங்கயோ கிடைச்சதுன்னு உன் தாளைக் கொண்டாந்து காட்டினாங்க. நாலு வரியும் நல்லாத்தான் எழுதியிருந்த. 'மென்மையாகப் பேசுபவர்'னு ஒண்ணு போட்ட பாரு, புஷ்பத்துக்குச் சிரிச்சுச் சிரிச்சுப் புரையேறிடுச்சு. 'இந்த ஆளா, மென்மையா?'ன்னா."

புஷ்பம் அவர் மனைவி. எனக்கும் சிரிப்பு வந்தது. அவர் மேலே சொன்னார்.

"நான் உடனே உனக்குப் போன் போடறேன்னேன். அவதான் வேணாம்னா. 'உங்க கூட்டாளி துக்கம் விசாரிக்க என்கிட்ட வராமலா இருப்பாரு? நான் வெள்ளைச் சேலை கட்டிக்கிட்டு முன்னால உட்கார்ந்திருக்கேன். நீங்க உள்ளேருந்து கோப்பி கொண்டாங்க. மனுசன் மூஞ்சியப் பாக்கணும் எனக்கு'ன்னா. பழைய லயம் இருந்த பக்கம் யாரு வந்து கேட்டாலும் புது வீட்டைக் காட்டச் சொல்லி ஆள் வச்சிருந்தா. ரெண்டு ஞாயித்துக்கிழமை சேலை கட்டிக்கிட்டு உட்கார்ந்தாடா."

"அப்புறம்?" என்றேன்.

"மூணாவது வாரம் சேலையை மடிச்சு வச்சிட்டா. 'நீங்க செத்தாக்கூட வரமாட்டாரு போல'ன்னா. அவ்வளவுதான். அதுக்கப்புறம் எனக்கும் போன் போட மனசில்ல."

"புஷ்பம் எங்க?"

"போயி பதினோரு மாசமாச்சு. வயித்துல கட்டி. நம்ம செட்டுல ஒருத்தன் வரல. எப்படி வருவான்? செத்தவன் பொண்டாட்டி செத்தா யாருக்குத் தெரியும்?"

நான் மனதுக்குள் கணக்குப் பார்த்தேன். என் தாள் வெளிவந்த பிறகு பதினேழு மாதம் அந்த அம்மாள் உயிரோடிருந்தார். பதினேழு ஒன்பதாம் நாட்கள். அந்த விடியல்களில் நம்மில் ஒருவரும் அவர் வீட்டுக்காக ஜெபிக்கவில்லை. அவர் வலியில் கிடந்த மாதங்களும் அதில் அடங்கும். அந்தப் பெயரை எடுத்த கை என்னுடையது.

"உன் வாயால மன்னிச்சேன்னு ஒரு வார்த்தை சொல்லு மாசி" என்றேன்.

"என் பங்குக்கு எப்பவோ மன்னிச்சாச்சு. ஆடு எண்ணுறவன்னு நானும் சபையில சொல்லியிருக்கக்கூடாது. அவ பங்குக்கு நான் எப்படிப்பா சொல்றது?"

அதற்கு மேல் நான் கேட்கவில்லை. அந்தக் கட்டிலருகே, இவ்வளவு காலம் கழித்து, துக்கம் விசாரித்தேன். எப்போது நோய் தெரிந்தது, வலி அதிகமா, கடைசியாக என்ன சாப்பிட்டார், யார் பக்கத்தில் இருந்தார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். இதையெல்லாம் கேட்க அவருக்கு ஒரு ஆள் இருந்திருக்கவில்லை. ஒரு மணி நேரத்துக்கு மேல் சொன்னார். ஹெலன் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள்.

இந்த இதழில் ஒன்பதாம் நாளில் மாசிலாமணியின் பெயரைத் திரும்பவும் காண்பீர்கள். அவர் ஒற்றைக் காலோடு, அதே சத்தத்தோடு, வீட்டில் இருக்கிறார். பின்பக்கத்தில் புஷ்பம் அம்மாளின் பெயர் இருக்கிறது. அவருக்கு நான் எழுதியது ஒரே வரி. அதையும் மாசிலாமணி படித்துச் சரி என்று சொன்ன பிறகே அச்சுக்குக் கொடுத்தேன்.

இனி நம்மில் ஒருவர் அந்த வீட்டுக்கு நேரில் போய் உட்கார்ந்து வராமல் எந்தப் பெயரையும் பின்பக்கத்துக்கு மாற்றமாட்டேன். போன மாதம் உலு யாமில் ஒருவர் இறந்ததாகத் தகவல் வந்தது. ஹெலனைக் கெஞ்சிக் கூட்டிக்கொண்டு போனேன். தகவல் உண்மைதான். அவருடைய மனைவி வாசலுக்கு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். சாயங்காலம்வரை அங்கே இருந்தேன்.

எனக்கு வயது எழுபத்தெட்டு. கர்த்தர் நான் கேட்டதைக் கொடுத்தார். புஷ்பம் அம்மாளுக்காகக் கேட்கத் தவறியதை இனி அவரிடம் கேட்க முடியாது. உங்களில் யாருக்காவது பேசாமல் விட்ட ஒருவர் இருந்தால், அவருக்கு ஆயுள் கொடுக்கும்படி இன்றைக்கே ஜெபியுங்கள். நம்பிக் கேளுங்கள், அவர் கேட்கிற தேவன், நான் சாட்சி. ஜெபித்து முடித்ததும் வண்டியை எடுங்கள். அந்த வீட்டில் உங்களுக்காக வேறு ஒருவரும் காத்துக்கொண்டிருக்கலாம்.