லண்டனுக்குப் போர்த்திய பொன்னாடை

பிளாஸ்டிக் உறையிலிருந்து அப்போதுதான் உருவிய பொன்னாடைக்கு ஒரு வாடை உண்டு. கஞ்சி போட்ட புதுத்துணி வாடை. கழுத்தில் பட்டதும் அரிக்கும். இப்போதும் யாருக்காவது பொன்னாடை போர்த்தினால் எனக்குக் கழுத்து அரிக்கிறது...

ஈப்போவில், எங்கள் புந்தோங் கோயில் மண்டபம். திருவிழா அன்னதானத்துக்கு முன்னால் கோயில் தலைவர் மைக்கைப் பிடித்தார்.

"நம்ம வேன்கார முத்தையா அண்ணன் மக, லண்டன் யுனிவர்சிட்டிக்கு மாஸ்டர்ஸ் படிக்கப் போவுது. நல்லா கை தட்டுங்கலா."

தட்டினார்கள். போர்த்தினார்கள். போட்டோ எடுத்தார்கள்.

நான் லண்டனுக்குப் போகவில்லை. லண்டன் என்னை வெயிட்டிங் லிஸ்டில் போட்டிருந்தது, அவ்வளவுதான். காம்பாரில் டிகிரி முடித்துவிட்டு இரண்டு இடங்களுக்கு விண்ணப்பித்திருந்தேன். லண்டனிலிருந்து இனிக்க இனிக்க ஒரு மின்னஞ்சல்... உங்கள் விண்ணப்பம் எங்களைக் கவர்ந்தது, ஆனால் இப்போதைக்கு இடமில்லை, காத்திருங்கள்.

எவ்வளவு நாள்? எனக்கு முன்னால் எத்தனை பேர்? கேட்டு எழுதினால் அதே மின்னஞ்சல் திரும்பி வந்தது. அந்த ஊர்ப் பிள்ளையை இன்றைக்குக் கூப்பிட்டால் நாளைக்கு ரயில் ஏறிவிடும். விசாவும் டிக்கெட்டும் தங்க அறையும் பார்க்க வேண்டிய நாங்கள் எப்படிப் போவது? அதைப் பற்றி அவர்களுக்கென்ன கவலை.

அப்பா தலைவரிடம் சொன்னது, "லண்டன்லேருந்து பதில் வந்திருக்கு" என்று மட்டும்தான். பொய்யில்லை... வந்திருந்ததே.

எனக்கு உண்மையில் இடம் கொடுத்தது வேல்ஸ் கடலோரத்தில் ஒரு சின்ன ஊர்ப் பல்கலைக்கழகம். உதவித்தொகையும் உண்டு. அங்கிருந்த பேராசிரியை, குளிருக்கு என்னென்ன எடுத்து வர வேண்டும் என்றுகூடத் தன் கைப்பட எழுதியிருந்தார். வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

"அந்த ஊரு பேரு யாருக்குத் தெரியும்?" பள்ளி வேனைக் கழுவிக்கொண்டே அப்பா கேட்டார். "கோயில்ல லண்டன்னு சொல்லியாச்சு. ஊரு முன்னுக்கு மாலு ஆயிடும்மா, மானம் போயிடும். இன்னும் கொஞ்ச நாளு பாரேன்."

"லண்டன்காரன் கூப்பிடலன்னா?"

"கூப்பிடுவான்லா."

"வெள்ளிக்கிழமை தாண்டுனா இதுவும் போயிரும்பா."

"அப்ப அந்தப் பொன்னாடைய என்னா செய்யிறது? திருப்பிக் கொடுக்கிறதா?"

எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது. என் படிப்பு ஒரு பக்கம், ரெண்டு முழத் துணி ஒரு பக்கம்... அப்பாவுக்குத் துணிதான் பெரிதாக இருந்தது. பீடோர் எஸ்டேட்டில் பிறந்த மனிதர். மைக்கில் அவர் பெயரை யாராவது சொன்னது அதுதான் முதல் தடவை. அது எனக்கும் தெரியும். தெரிந்தும் கோபம் குறையவில்லை.

வியாழக்கிழமையே வேல்ஸுக்கு "வருகிறேன்" என்று அனுப்பிவிட்டேன். விமான நிலையம் வரைக்கும் அப்பாதான் வேனை ஓட்டினார். ஊரில் கேட்டவர்களிடம் எல்லாம் "லண்டன் பக்கம்" என்றாராம்.

லண்டனின் முடிவு செப்டம்பர் கடைசியில் வந்தது. வேல்ஸில் வகுப்பு தொடங்கி, எனக்கு முதல் சளியும் பிடித்திருந்தது. இந்த ஆண்டு இடமில்லை, வருந்துகிறோம். அவர்களை நம்பி உட்கார்ந்திருந்தால்?

இப்போது ஈப்போவில் வேலை செய்கிறேன். இன்றைய பிள்ளைகள் விண்ணப்பம் எந்த நிலையில் இருக்கிறது என்று போனிலேயே பார்த்துக்கொள்கிறார்கள். மேடை மட்டும் மாறவில்லை.

போன மாதம் அதே மண்டபத்தில் மாணவர் பாராட்டு விழா. அதே தலைவர், தலை நரைத்திருந்தார். "லண்டன்ல படிச்ச நம்ம பொண்ணு" என்று என்னைக் கூப்பிட்டார். 'யார் லண்டனில் படித்தது?' என்று இன்றைக்கு மைக்கிலேயே கேட்டுவிடலாமென எழுந்தேன்.

பின்வரிசையிலிருந்து அப்பாவின் குரல் வந்தது.

"தலைவரே, லண்டன் இல்ல. வேல்ஸு."

அந்தப் பல்கலைக்கழகத்தின் பெயரை முழுசாகச் சொன்னார். அங்கே படித்த எனக்கே நாக்கு சுளுக்கும் பெயர். எங்கும் தடுக்காமல் சொன்னார்.

"லண்டன் எம்புள்ளைய வேணாம்னுச்சு. இவங்கதான் கூப்பிட்டாங்க. அதையே சொல்லுங்க."

இதைச் சொல்ல அவருக்கு இத்தனை வருஷம் ஆனதே என்ற கோபம் எனக்கு இன்னும் இருக்கிறது. தலைவர் அந்தப் பல்கலைக்கழகப் பெயரைத் தப்புத் தப்பாகத் திருப்பிச் சொல்லிப் பொன்னாடை போர்த்தினார்.

கழுத்து அரித்தது... வீடு வரும் வரைக்கும் நான் அதைக் கழற்றவில்லை.