அம்புக்குறிக் கட்சியும் வேகக் கட்சியும்

எங்கள் வீட்டில் இரண்டு புரோகிராமர்கள். ஒன்று நான், இன்னொன்று என் மனைவி. போர்ட் பிளேரில் இது கொஞ்சம் அதிகப்படிதான். ஃபீனிக்ஸ் பே பக்கம் எங்கள் தெருவில் கப்பலில் வேலை பார்ப்பவர்கள் இருக்கிறார்கள், மீன் வியாபாரிகள் இருக்கிறார்கள், ஒரு பெயின்ட் கான்ட்ராக்டர் இருக்கிறார். அவரிடம் ஒருநாள், உலகம் முழுக்கப் புழங்கும் ஒரு புரோகிராமிங் மொழியின் எழுத்துமுறையை மாற்றப் பாடுபடுகிறேன் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். "அச்சா! அப்ப பிரின்டர் ரிப்பேர் பண்ணுவியளா?" என்றார். பண்ணிக் கொடுத்தேன். அதற்குக் கிடைத்த நன்றி, மொழிக்கு நான் செய்த எதற்கும் கிடைத்ததில்லை.

அந்த மொழி யாருக்கும் சொந்தமில்லை. ஆர்வம் உள்ளவர்கள் சேர்ந்து வளர்க்கிறார்கள். மாற்றம் வேண்டுமென்றால் யாரும் முன்மொழியலாம். எல்லோருக்கும் போகிற பொது மெயிலில் அதைக் கிழிகிழியென்று கிழிப்பார்கள். தப்பிப் பிழைத்தால் ஒரு குழு ஓட்டுப் போடும். என் முன்மொழிவு ஓர் அம்புக்குறி. அவ்வளவுதான். ஆனால் அதற்காக நான் பட்ட பாட்டில் இன்னொருத்தன் வீடு கட்டிக் குடியேறியிருப்பான்.

விஷயம் இதுதான். தமிழில் நாம் "மீனை வாங்கி, கழுவி, வெட்டி, குழம்பு வை" என்கிறோம். வேலை நடக்கிற வரிசையில் சொல் வருகிறது. அந்த மொழியிலோ "குழம்பு வை, வெட்டியதை, கழுவியதை, வாங்கியதை, மீனை" என்று தலைகீழாக, அடைப்புக்குறிக்குள் அடைப்புக்குறியாக எழுத வேண்டும். கடைசியில் எத்தனை அடைப்புக்குறியை மூடினோம் என்று விரல்விட்டு எண்ண வேண்டும். நடுவில் ஓர் அம்புக்குறி போட்டு, மீன், வாங்கு, கழுவு, வெட்டு என்று நேராக எழுதவிட்டால் என்ன குடி முழுகிவிடும்? இதைத்தான் மூன்று வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். அடுத்த வெர்ஷனில் என் அம்புக்குறி நுழைய வேண்டும். வேறு எந்த ஆசையும் எனக்கு அப்போது இல்லை. சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் உண்மை.

குறுக்கே நின்றது என் மனைவி.

அவள் தீவுக்காரர்களுக்கு ஒரு சின்ன ஆப் செய்திருந்தாள். நாளைக்குக் கப்பல் உண்டா, காற்றால் ரத்தா என்று அது சொல்லும். இங்கே அதைத் தெரிந்துகொள்ளாமல் யாரும் பையில் துணி அடுக்க மாட்டார்கள். ஆனால் பழைய போன்களில் அது திறப்பதற்குள் டீ ஆறிவிடும். ஒரு புரோகிராம் ஓடுவதற்கு முன்னால் மொழி அதை ஒருமுறை வாசித்துக்கொள்கிறது. அந்த வாசிப்பு மந்தம். அதை வேகமாக்க வேண்டும் என்பது அவளுடைய முன்மொழிவு. என் அம்புக்குறி சேர்ந்தால் வாசிப்பு இன்னும் மந்தமாகும். ஆகவே அடுத்த வெர்ஷனில் இரண்டில் ஒன்றுக்குத்தான் இடம் என்று ஆனது. உலகம் அம்புக்குறிக் கட்சி, வேகக் கட்சி என்று இரண்டாகப் பிரிந்தது. இரண்டுக்கும் தலைமை அலுவலகம் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜை.

மெயிலில் எல்லோரும் புனைபெயரில்தான் எழுதுவோம். நாங்கள் புருஷன் பெண்டாட்டி என்று அங்கே ஒருவருக்கும் தெரியாது. அவள் என்னை "மதிப்புக்குரிய நண்பர்" என்று எழுதுவாள். நான் அவளை "வேகப் பைத்தியம் பிடித்த அம்மையார்" என்று எழுதுவேன். எங்கோ ஒரு குளிர் தேசத்திலிருந்து ஒரு நல்ல மனிதர் எனக்குத் தனியாகக் கடிதம் போட்டார்: அந்த அம்மையாருக்கும் ஒரு குடும்பம் இருக்கும், அதை நினைத்துப் பாருங்கள் என்று. அந்த அம்மையார் ஊற்றிய சாம்பாரைப் பிசைந்துகொண்டே அதைப் படித்தேன்.

"என்ன சிரிக்கிய?" என்றாள்.

"உனக்குக் குடும்பம் இருக்காம். நெனச்சுப் பாக்கணுமாம்."

"நெனச்சா சரி. இன்னைக்கு கேஸ் புக் பண்ணச் சொன்னேனே, பண்ணுனியளா?"

பண்ணவில்லை.

இங்கே என் வேலை முறையைப் பற்றிச் சொல்ல வேண்டும். கடலடி கேபிள் வருவதற்கு முன்னால் எங்களுக்கு சாட்டிலைட் இன்டர்நெட்தான். வந்தால் வரும், மேகம் வந்தால் போகும். அதனால் தீவில் எல்லோருக்கும் ஒரு பழக்கம்: மெயிலை மொத்தமாக இறக்கிக்கொள்வோம், லைன் இல்லாதபோது பதில் எழுதி வைப்போம், லைன் வந்ததும் எல்லாம் ஒரேயடியாகப் போகும். கேபிள் வந்ததும் ஊரே இந்தப் பழக்கத்தை விட்டது. நான் விடவில்லை. "உடனுக்குடன் பதில் போடுகிறவன் யோசிப்பதில்லை, நான் ஊறப்போட்டு எழுதுகிறவன்" என்று மெயின்லேண்ட் நண்பர்களிடம் பீற்றிக்கொண்டேன். ஊறியது என்னவோ கோபம்தான்.

ஓட்டெடுப்புக்கு முந்தைய வாரம் நடு அந்தமானில், ரங்கத்தில், என் சித்தப்பா மகளின் பிள்ளைக்குச் சர்ச்சில் புதுநன்மை. மனைவிக்கு வேலை இருந்தது. நான் மட்டும் பஸ் ஏறினேன். அங்கே நெட்வொர்க் எப்போதாவது ஒரு கோடு காட்டும். விருந்தில் பிரியாணி வாயில் இருக்கும்போது ஒரு கோடு காட்டி, அவளுடைய மெயில் ஒன்று இறங்கியது. என் அம்புக்குறி போட்டால் புரோகிராம்கள் எவ்வளவு மந்தமாகின்றன என்று ஓர் அட்டவணை. கீழே ஒரே வரி: "இதற்கு நண்பரின் பதிலை அறிய விரும்புகிறேன்." அதோடு கோடு போய்விட்டது.

எனக்கு வந்ததே ஆத்திரம்! அந்தப் பிரியாணி மீனா, கறியா என்று இன்றுவரை நினைவில்லை. அதே ராத்திரி போனில் பேசினாள். "சாப்பிட்டியளா? பிள்ளைக்கு கவர் குடுத்தியளா?" என்றாள். அட்டவணையைப் பற்றி மூச்சு விடவில்லை. நானும் விடவில்லை. கொள்கைப் போரை வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது என்று எனக்கு ஒரு கண்ணியம்.

திரும்பும் வழியில், மிடில் ஸ்ட்ரெய்ட் ஜலசந்தியில் பஸ்ஸை ஏற்றிக் கடக்கும் ஃபெர்ரிக்காகக் காத்திருந்தபோது பதில் எழுதினேன். சிக்னல் சுத்தமாக இல்லை. கட்டைவிரல் வலிக்க வலிக்க எழுதினேன். அம்மையாருக்கு வேகம் தெரியும், அழகு தெரியாது. சமையலறையைப் பார்க்காமல் குழம்பைக் குறை சொல்கிறார். என் முன்மொழிவை ஒருமுறையாவது முதலிலிருந்து கடைசிவரை படித்திருப்பாரா, சந்தேகம்தான். கடைசி வரியை எழுதிவிட்டு நானே இரண்டு தரம் படித்து ரசித்தேன். அனுப்பு பட்டனைத் தட்டினேன். சிக்னல் இல்லாததால் அவுட்பாக்ஸில் போய் உட்கார்ந்தது. அதற்கப்புறம் ஜாரவா பழங்குடிகள் வாழும் காட்டுப் பாதை. வண்டிகள் கான்வாயாக, வரிசைகட்டித்தான் போக வேண்டும், படம் எடுக்கக் கூடாது. நான் போனை நீட்டிப் பிடித்து மறுபடி ரசித்துக்கொண்டிருந்ததைப் பார்த்த கண்டக்டர், "போன் அந்தர் கரோ, பாய்! ஃபோட்டோ மனா ஹை!" என்று கத்தினார். பையில் போட்டுவிட்டுத் தூங்கிப்போனேன். காடு தாண்டியதும் சிக்னல் வந்திருக்கிறது. பைக்குள்ளிருந்தே அது போயிருக்கிறது.

வீட்டுக் கதவைத் திறந்தவள் என் பையை வாங்கிக்கொள்ளவில்லை.

"மெயில் பாத்தியளா?"

"எந்த மெயில்?"

"மொதல்ல என்னோடத பாருங்க. அப்புறம் அதுக்குக் கீழ உங்களோடத பாருங்க."

நின்றபடியே பார்த்தேன். நான் ரங்கத்திலிருந்து கிளம்பிய பிறகு அவள் எல்லோருக்கும் எழுதியது இது: நண்பரின் முன்மொழிவை இந்த இரண்டு நாளில் வரிவரியாகப் படித்தேன். மந்தத்துக்குக் காரணம் அம்புக்குறி அல்ல, அதை வாசிக்கும் பகுதி எழுதப்பட்டிருந்த விதம். அதை மாற்றி எழுதிப் பார்த்தேன். இப்போது இரண்டுக்கும் இடம் இருக்கிறது. என் அட்டவணையைத் திரும்பப் பெறுகிறேன். யோசனை அழகானது, முழுக்க அவருடையது, தயவுசெய்து சேர்த்துக்கொள்ளுங்கள்.

அதற்கு நேர் கீழே, அதற்கான பதில் போலவே, என்னுடையது. படித்திருப்பாரா, சந்தேகம்தான்.

அதற்குக் கீழே உலகமே திரண்டு வந்து என்னைக் காறித் துப்பியிருந்தது, மிக நாகரிகமான ஆங்கிலத்தில். குளிர் தேசத்து நல்ல மனிதர் மட்டும் ஒன்றும் சொல்லாமல் ஒரு சோக முகம் போட்டிருந்தார். அந்த மெயிலில் ஒழுங்கு பார்ப்பவர்கள் ஒரு வாரம் நான் வாய் திறக்கக் கூடாது என்று அறிவித்திருந்தார்கள். ஓட்டெடுப்பு அந்த வாரத்தில்தான்.

"நீ ஒரு வார்த்தை எழுதேன். நெட்வொர்க் இல்லாம லேட்டாப் போச்சுன்னு," என்றேன்.

"நேரம் தப்பிப்போச்சு, சரி. வார்த்தை?"

அவள் அழவில்லை, கத்தவில்லை. "முன்னாடியெல்லாம் நீங்க எழுதினது வேற யாருக்கோன்னு நெனச்சுக்குவேன். இது எனக்கே எழுதின மாதிரி இருந்துச்சு," என்றாள். ஓட்டெடுப்பு வரை இருந்த இரண்டு நாளும் சாப்பிட்டேன், கேஸ் புக் பண்ணினேன், பாத்திரம்கூடக் கழுவினேன்.

ஓட்டெடுப்புக் கூட்டம் வீடியோவில். நான் பேச முடியாது. என் முன்மொழிவுக்காக அவள் பேச ஒப்புக்கொண்டாள். ஏன் ஒப்புக்கொண்டாய் என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை. கேமராவில் படாமல் ஃபிரிட்ஜ் ஓரமாக ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். அவள் பேசினாள். மீனை வாங்கி, கழுவி, வெட்டி என்று ஆரம்பித்து, நான் மூன்று வருடத்தில் சொல்லாத தெளிவில் என் அம்புக்குறியை விளக்கினாள். திரையில் தலைகள் ஆடின. எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஜெயித்தாயிற்று என்றே நினைத்தேன்.

அப்போது குழுத் தலைவி கேட்டார்: "இது உள்ளே வந்தால் வருடக்கணக்கில் பராமரிக்க வேண்டும். அந்தக் கடிதத்தை எழுதிய மனிதரோடு உங்களால் வேலை செய்ய முடியுமா?"

அவள் மைக்கை அணைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். "என்னங்க, கேக்குறாங்க. என்ன சொல்லட்டும்?"

உலகத்துக்கே பதில் எழுதிக் குவித்தவன் நான். இதற்கு ஒரு வரி தேட வேண்டியிருந்தது. கடைசியில், "நான் படிக்காம எழுதினேன், தப்புன்னு சொல்லு. அத உங்கிட்டதான் மொதல்ல சொல்லியிருக்கணும்," என்றேன்.

அவள் மைக்கைத் திறந்து, "படிக்காமல் எழுதியது தவறு என்கிறார்," என்றாள்.

"என்கிறாரா? பக்கத்திலா இருக்கிறார்?"

"ஆமாம். என் கணவர்."

திரையில் ஒருவரும் அசையவில்லை. நெட் போய்விட்டதோ என்று நான் ரவுட்டரைப் பார்த்தேன். பிறகு குளிர் தேசத்து மனிதர் சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துச் சிரித்துக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தலைவியும் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு விதியைப் படித்தார்: முன்மொழிந்தவரின் குடும்பத்தார் அதற்காகப் பரிந்து பேசக் கூடாது. ஆகவே அவளுடைய வேகம் இந்த வெர்ஷனில் சேருகிறது. அம்புக்குறி அடுத்ததற்கு ஒத்திவைக்கப்படுகிறது.

திரை அணைந்தது. அவள் நெற்றியில் அடித்துக்கொண்டாள். "வாயை வச்சுட்டு சும்மா இருந்திருக்கலாம். யார்னு சொல்லாம இருந்திருந்தா பாஸாகியிருக்கும்."

"விடு. நீ ஜெயிச்சல்ல," என்றேன். ஃபிரிட்ஜைத் திறந்து ஒரு பாட்டில் தண்ணீரைக் குடித்துத் தீர்த்தேன். மூன்று வருடம் போன வருத்தம் கொஞ்சம். அவள் "என் கணவர்" என்று அத்தனை பேர் முன்னால் தயங்காமல் சொன்னது மீதி. "இன்னும் ஒரு வருஷம்தான. அடுத்த தடவை பாத்துக்கலாம்."

"பாத்துக்கலாம்ங்க. ஆனா அடுத்த தடவை நான் பேச முடியாதுல்ல?" என்றாள், உண்மையான கவலையோடு. "நீங்கதான பேசணும்."