பை போன மதியம்

சில வருஷங்களுக்கு முன்னால், உலகக் கோப்பை கிரிக்கெட்டின் இறுதி ஆட்டம் நம் நாட்டிலேயே நடந்த அந்த ஞாயிற்றுக்கிழமை, நானும் என் மகளும் ராமேஸ்வரத்தில் இருந்தோம். எனக்குக் கிரிக்கெட் என்றாலே ஆகாது. என் வீட்டுக்காரர் டிவி முன்னால் உட்கார்ந்துவிட்டால், அடுப்பில் பால் பொங்கி வழிந்தாலும் திரும்பிப் பார்க்க மாட்டார். அந்தக் கடுப்பு இருபது வருஷமாக உள்ளே கிடக்கிறது.

எனக்குச் சொந்த ஊர் முதுகுளத்தூர் பக்கம். மிளகாயும் நெல்லும் போடுகிற குடும்பம். கல்யாணத்துக்கு முன்னால் ஆறு வருஷம் ராமேஸ்வரத்தில் டீச்சர் வேலை பார்த்தேன். என் சம்பாத்தியத்தில் நானே வாழ்ந்த ஊர் என்பதால் அதன்மேல் அப்படி ஒரு பிரியம். கல்யாணமாகித் திருப்பூர் போனபிறகு அந்தப் பக்கம் வரவே வாய்க்கவில்லை.

மகளுக்கு அரசாங்க வேலைக்கான சான்றிதழ் சரிபார்ப்பு ராமநாதபுரத்தில் திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு. அசல் சான்றிதழ் எல்லாம் கையில் இருக்க வேண்டும், இல்லையென்றால் வேலை அடுத்த ஆளுக்குப் போய்விடும். சனிக்கிழமையே ராமநாதபுரத்துக்கு வந்து சின்னம்மா வீட்டில் தங்கினோம். நான் சும்மா இருப்பேனா? ராமேஸ்வரம் போய்த் தீர்த்தமாடிவிட்டு வரலாம் என்று மகளைக் கிளப்பினேன்.

"ஃபைலை இங்கனயே வச்சிட்டுப் போவோம்மா" என்று அவள் படித்துப் படித்துச் சொன்னாள். கல்யாண வீடு மாதிரி ஆள் வந்துபோகிற வீடு, என் கையில் இருந்தால்தான் எனக்கு நிம்மதி என்று சொல்லி, ஃபைலை ஒரு மஞ்சள் துணிப்பையில் போட்டுத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். இருபத்திரண்டு தீர்த்தத்திலும் ஆள் மாற்றி ஆள் பையைப் பிடித்துக்கொண்டுதான் குளித்தோம். அவ்வளவு ஜாக்கிரதை!

ஈரம் மாற்றிச் சாப்பிட்டு வெளியே வந்தால் ஊர் வெறிச்சோடிக் கிடந்தது. சங்குக் கடைக்காரர்கள் போகிறவர் வருகிறவரைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூப்பிடுவார்கள். அன்றைக்கு ஒருவர்கூடப் போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை. கஷ்டப்பட்டு ஒரு ஆட்டோ கிடைத்தது. ஓட்டியவருக்கு நாற்பது வயசு இருக்கும், காதோரம் நரை. நாங்கள் உட்காருவதற்குள் வண்டியை எடுத்துவிட்டார். வழியில் போன் வந்தது. "ஜெட்டிக்குத்தான் வாரேன்லே, எனக்கு எடம் போட்டு வையி" என்று கத்தினார். ஜெட்டி என்றால் மீன்பிடிப் படகுத்துறை.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஏன் தம்பி, அந்த ஆட்டத்தைப் பாக்கலைன்னா உசுரா போயிரும்? ஆட்டம்னு வந்துட்டா உங்களுக்கெல்லாம் வேற எதுவும் கண்ணுல படாதே" என்றேன்.

"உசுரு போயிரும்க்கா" என்று சிரித்தார். பஸ் ஸ்டாண்டில் எங்களை இறக்கிவிட்டுப் பறந்துவிட்டார்.

அவரைத் திட்டுகிற மும்முரத்தில் நான் கையை வீசிக்கொண்டு இறங்கியிருக்கிறேன். ஆட்டோ கண்ணை விட்டு மறைந்தபிறகுதான் மகள், "பை எங்கம்மா?" என்றாள். பை ஆட்டோ சீட்டிலேயே போய்விட்டது.

பக்கத்தில் ஒரு டீக்கடை. டிவி முன்னால் இருபது பேர் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்கள். நான் ஓடிப்போய், "ஐயோ, பை போயிருச்சே!" என்று அலறினேன்.

ஒருத்தர் திரும்பாமலேயே, "பை இல்லக்கா, லெக் பை. கால்ல பட்டுப் போச்சு" என்றார்.

"காலுலயும் படலை கையிலயும் படலை, ஆட்டோவுல போயிருச்சு!" என்று நான் கத்த, கடையே திரும்பிப் பார்த்தது. முதலில் சிரித்தார்கள். மகள் அழுவதைப் பார்த்ததும் சிரிப்பு அடங்கியது. ஜெட்டி என்று அவர் போனில் சொன்னதை மகள்தான் ஞாபகமாகச் சொன்னாள். அந்த லெக் பை ஆள் டீயைப் பாதியில் வைத்துவிட்டு, தன் ஆட்டோவில் எங்களை ஏற்றிக்கொண்டு ஜெட்டிக்கு விட்டார்.

அங்கே வலை பின்னுகிற கொட்டகையில், ஐஸ் பெட்டிகளை அடுக்கி அதன்மேல் பெரிய டிவி. தரை தெரியாத கூட்டம். எங்கள் ஆட்டோக்காரரைக் காணோம். அவருக்கு இடம் போட்டு வைத்திருந்தவர் சொன்னார்: "வந்தான்க்கா. வண்டியைவிட்டு எறங்கும்போது பின்னாடி பையைப் பாத்துட்டு, உக்காராமக்கூட அப்படியே திரும்பிப் போயிட்டான்."

போன் போட்டார்கள். மனுஷன் பஸ் ஸ்டாண்டுக்குப் போயிருக்கிறார். நாங்கள் இல்லை. ராமநாதபுரம் பஸ் அப்போதுதான் கிளம்பிப் போனது என்று யாரோ சொல்ல, நாங்கள் அதில்தான் போகிறோம் என்று நினைத்து விரட்டிக்கொண்டு போய், தங்கச்சிமடத்தில் மறித்து, ஏறி ஒவ்வொரு சீட்டாகத் தேடியிருக்கிறார்.

அவர் திரும்பி வரும்வரை என் மகள் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு மீன்காரம்மா எங்கள் இருவருக்கும் டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, சும்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். கொட்டகையில் ஒரே ஆரவாரம், நம் ஆட்கள் அடித்த அடிக்கு. எனக்கு எதுவும் காதில் ஏறவில்லை.

ஆட்டோ வந்து நின்றது. அவர் மஞ்சள் பையை என் மகள் கையில் கொடுத்தார். "எல்லாம் இருக்கான்னு பாத்துக்கம்மா. உள்ள சர்ட்டிபிகேட்டைப் பாத்ததும் எனக்கு ஈரக்கொலையே நடுங்கிருச்சு" என்றார். எல்லாம் இருந்தது. நான் கையெடுத்துக் கும்பிட்டேன். அவர் கூச்சப்பட்டுக்கொண்டு, "அத விடுங்கக்கா. ஸ்கோர் என்ன?" என்றார்.

எனக்கு அந்த ஆட்டத்தில் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். "லெக் பை போச்சாம் தம்பி" என்றேன்.

எங்களைக் கூட்டிவந்த லெக் பை ஆள் விழுந்து விழுந்து சிரித்தார். கதையைக் கேட்டுக் கொட்டகையே சிரித்தது. மகளும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்துவிட்டாள். எங்களுக்கும் இடம் ஒதுக்கிக் கொடுத்தார்கள். என் ஆயுசில் முதல்முறையாக ஒரு மணி நேரம் உட்கார்ந்து கிரிக்கெட் பார்த்தேன்.

அன்றைக்கு நாம் தோற்றதும், ஊரே அழுததும் எல்லோருக்கும் தெரியும். மறுநாள் சரிபார்ப்பு நல்லபடியாக முடிந்து, மகள் இப்போது ராமநாதபுரத்திலேயே வேலை பார்க்கிறாள். அந்த ஆட்டத்தில் நம் ஆட்கள் விளாசியதெல்லாம் முதல் ஒரு மணி நேரத்தில்தானாம், அதற்குப்பிறகு பவுண்டரியே அபூர்வமாம். பிறகொரு நாள் வீட்டுக்காரர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. அந்த முதல் ஒரு மணி நேரம் முழுக்க அந்த ஆட்டோக்கார மனுஷன், முன்பின் தெரியாத ஒரு பெண்ணின் சான்றிதழைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருந்தார்.

இப்போதும் எனக்குக் கிரிக்கெட் புரியாது. ஆனால் வீட்டுக்காரர் டிவி முன்னால் உட்கார்ந்தால் பாலை நானே பார்த்துக்கொள்கிறேன். ஆட்டம் பார்க்கிறவர்களுக்கு வேறு எதுவும் கண்ணில் படாது என்று மட்டும் அதற்குப்பிறகு நான் யாரையும் சொன்னதில்லை.