ஒன்பதாம் அறைக்கு ஒரு கையெழுத்து

வில்பட்டி சாலையில் மூடிக் கிடந்த ஒரு விடுதியை, மண்சரிவில் வீடிழந்தவர்களுக்கான முகாமாக ஒரு தொண்டு நிறுவனம் நடத்தியது. பன்னிரண்டு அறைகள். தண்ணீர்த் தொட்டி, கக்கூஸ், ஜெனரேட்டர், சாவிக்கொத்து எல்லாம் ஜுபைரின் பொறுப்பு. லாட்ஜுகளில் குழாயும் கரண்டும் பார்த்துப் பிழைத்தவர். அப்படியொரு சுத்தமான வேலைக்காரரைக் கொடைக்கானலில் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

அடுக்கம் பக்கம் அவர் குடியிருந்த வாடகை வீடும்தான் சரிவில் போயிருந்தது. ஆனால் ஊழியர் குடும்பத்துக்கு முகாமில் அறை கிடையாது என்பது விதி. மனைவி ஸைமாவும் மூன்று மாதக் குழந்தையும் ஜெனரேட்டர் கொட்டகையில் கிடந்தார்கள். டீசல் புகையில் குழந்தைக்கு இருமல் நிற்கவேயில்லை.

காலியாக இருந்தது ஒன்பதாம் அறை மட்டும். கூரை ஒழுகியதால் ‘குடியிருக்கத் தகுதியில்லை’ என்று பதிவேட்டில் எழுதிப் பூட்டியவர் ஜுபைர்தான். பிறகு மொட்டைமாடியில் ஏறி, விரிசலை வெட்டி, சிமென்ட் பூசி, ஒரு சொட்டு இறங்காமல் செய்தவரும் அவரே. இதற்கு மேல் ஒரு மனிதன் என்னதான் செய்ய முடியும்?

“வேலைய விட்டுட்டா நாமளும் வீடு போனவங்கதானங்க,” என்றாள் ஸைமா. “பிள்ள நெஞ்சு கர்ருகர்ருங்குது. கேக்குதா ஒங்களுக்கு?”

கேட்டது. மறுநாளே வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்தார். அவர் இடத்துக்கு வந்த பிரியாவிடம் சாவிகளை ஒவ்வொன்றாக அடையாளம் காட்டி ஒப்படைத்துவிட்டு, ஒன்பதாம் அறையைக் கேட்டார்.

பிரியா பதிவேட்டைத் திருப்பிக் காட்டினாள். “நீங்களே தகுதியில்லன்னு எழுதியிருக்கீங்களே பாய்.”

“ஒழுக்க அடைச்சிட்டேம்மா. மேல வந்து பாருங்க.”

“நான் பாத்து என்ன செய்ய? இன்ஜினியர் கையெழுத்து வேணும். நீங்க கேட்டு வாங்குன ரூல்தான.”

உண்மை. ஒழுகும் அறையில் யாரையும் திணித்துவிடக் கூடாதென்று அவர்தான் அதைக் கேட்டு வாங்கியிருந்தார். இன்ஜினியரோ மலைப்பாதையில் மரம் விழுந்து கிடந்ததால் வத்தலக்குண்டிலேயே நின்றுவிட்டார்.

வரிசை தாண்டியதற்காக முன்பு ஜுபைரிடம் திட்டு வாங்கிய முகாம்வாசி பொன்னுவேல், இப்போது வெந்நீர் வரிசையில் வாளியோடு நின்ற அவரைப் பார்த்தான். “ஏலே, மேனேஜரு நிக்காருல்ல, வழி விடுங்கப்பா.” நாலு பேர் சிரித்தார்கள்.

நாலாம் நாள் இன்ஜினியர் வந்து கூரையைத் தட்டிப் பார்த்தார். “யாருய்யா பூசுனது? நல்ல வேலை,” என்று கையெழுத்துப் போட்டார்.

ஜுபைர் ஓடிப்போய் ஸைமாவைக் கூட்டி வந்தார். அறை வாசலில், ஈர மூட்டையும் இரண்டு பிள்ளைகளுமாக வேலுத்தாய் நின்றிருந்தாள். புதுச் சரிவில் வீடு போனவள்.

“இவங்க முந்தாநேத்தே ரூமுக்குப் பதிஞ்சிட்டாங்க பாய்,” என்றாள் பிரியா. “ஒங்கள ரிலீவ் பண்ணுன ஆர்டர் நேத்துதான் வந்துச்சு. அதுவரைக்கும் நீங்க ஸ்டாஃபு.”

“சரிம்மா. கொட்டகையிலயே இருந்துக்கிறோம்.”

பிரியா தரையைப் பார்த்தாள். “அது ஸ்டாஃபுக்கு மட்டும் பாய். வெரசா காலி பண்ணிக் குடுத்துருங்க. புது ஜெனரேட்டர் ஆபரேட்டரு மதியம் வந்துருவாரு.”

குழந்தை இருமியது. ஸைமா அதன் முதுகைத் தட்டினாள். ஜுபைர் கொட்டகைக்குப் போய்ப் பாயைச் சுருட்டத் தொடங்கினார்.