அழித்துப் பார்த்து வாங்கிய சேர்வர்

கண்ணால் காணாத அறைக்கு வாடகை பேசுவது போன்றதுதான் என் தொழில். இணையதளம் வைத்துக்கொண்டு அவதிப்படுகிறவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. கற்பிட்டிக்கு டொல்பின் பார்க்க வருகிறவர்களுக்கு அறையும் படகும் பதிவு செய்கிற தளத்தை நான் கவனிக்கிறேன். லொட்ஜ்காரர்கள் சிலர் சேர்ந்து நடத்துவது. தலைவர் ரம்ஸி நானா; அண்ணனை நாங்கள் நானா என்போம். தளம் குடியிருப்பதோ கொழும்புக் கொம்பனியொன்றிடம் வாடகைக்கு எடுத்த சேர்வர் கணினியில்.

பழைய கொம்பனி

நல்ல சீசனில் தளம் படுத்துவிட்டது. பேக்கப், அதாவது அழிந்தால் மீட்க எடுத்து வைக்கிற நகல், இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறது என்றார்கள். எடுத்துப் போட்டால் வந்தது முந்தின வருஷத்துத் தளம். அந்த சீசனின் பதிவு ஒன்றுகூட இல்லை. ஒரே அறைக்கு இரண்டு குடும்பங்கள் பெட்டியோடு வந்து நின்றன. ரம்ஸி நானா தன் வீட்டு மேல்மாடியை ஒழித்துக் கொடுத்தார். நான் கொம்பனிக்குப் போன் எடுத்து ஏசினேன். அங்கே இருந்தவர் நிதானமாகச் சொன்னார்:

"பேக்கப் எடுக்கிறம் எண்டுதானே மிஸ் சொன்னோம், ஒவ்வொரு நாளும் எடுக்கிறம் எண்டு சொல்லல்லியே."

புதுக் கொம்பனி

அடுத்த கொம்பனியின் விற்பனை மெனேஜர் காரில் வந்தார். கேள்வி கேட்டது நான். பதில் போனது ரம்ஸி நானாவுக்கு. பெருநாளானாலும் போயா விடுமுறையானாலும் எந்த நேரமும் போனில் ஆள் இருக்கும் என்றார். அவர் முன்னாலேயே அந்த நம்பருக்கு எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்தேன். ஆள் வரவில்லை, காத்திருக்கச் சொல்லிப் பாட்டுத்தான் படித்தது. டீ ஆறி ஆடை கட்டும் வரை படித்தது. அவர் கழுத்துப்பட்டியைத் தளர்த்திக்கொண்டு, முதல் தடவையாக என்னைப் பார்த்துக் கதைத்தார்:

"மிஸ், இதுவரைக்கும் ஒருத்தரும் எடுத்துப் பார்த்ததில்ல."

குளிர் அறை

சேர்வர் இருக்கும் இடத்தைக் காட்டாமல் கையெழுத்து இல்லை என்றேன். பாதுகாப்புக் காரணம் என்று இழுத்தார்கள். நான் விடவில்லை, கடைசியில் கூட்டிப்போனார்கள். உள்ளே பல் கிட்டுகிற குளிர். கரண்ட் போனால் என்ன நடக்கும் என்று கேட்டேன். ஒன்றும் நடக்காது என்று மெனேஜர் முந்திக்கொண்டார். பக்கத்தில் நின்ற தொழில்நுட்பப் பொறுப்பாளர் நிலூகா, சிங்களப் பிள்ளை, அவரை ஒரு தரம் பார்த்துவிட்டுத் தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னாள்:

"ஒரு தரம் நிண்டது மிஸ். பிறகு பட்டரி எல்லாம் மாத்தினது. பொய் சொன்னா நாளைக்கு எனக்குத்தானே போன் கோல் வரும்."

அந்தக் கொம்பனி மேல் எனக்கு நம்பிக்கை பிறந்தது அப்போதுதான்.

அழிப்பு

ஆனாலும் ஒரு சோதனை பாக்கி. எங்கள் தளத்தின் நகலை அவர்கள் சேர்வரில் புதுப் பதிவுகளோடு ஒரு வாரம் ஓட்டி, நானே அழிப்பேன், அவர்கள் மீட்டுத் தரவேண்டும் என்றேன். மெனேஜர் ரம்ஸி நானாவிடம் என்னைப் பற்றி முறையிட்டார். நானாவும் என்னைக் கூப்பிட்டு, சண்டை வேண்டாம், கையெழுத்துப் போடுவோம் என்றார். அப்படியானால் இந்தப் பொறுப்பை வேறு ஆளிடம் கொடுங்கள் என்றேன். இந்தச் சம்பளத்தில்தான் என் வீடு ஓடுகிறது. நானா பேனையை மூடி வைத்தார். பிறகு, சரி, அழியுங்கள் என்றார்.

ஒரு வாரம் ஓடியபின், நண்பகல் லுஹர் தொழுதுவிட்டு, நானா, மெனேஜர் எல்லோர் முன்னிலையிலும் அழித்தேன். திரை வெள்ளையானது. நிலூகா கொழும்பிலிருந்து வேலையைத் தொடங்கினாள். பின்னேரம் அசர் தொழுகைக்குப் பாங்கு சொல்லுமுன் தளம் வந்துவிட்டது. ஒவ்வொரு பதிவாகப் பார்த்தேன். காலையில் பதிந்த படகு வரை இருந்தது. நிலூகாவின் நேரடி நம்பரையும் ஒப்பந்தத்தில் எழுத வைத்துத்தான் பேனையை நானாவிடம் நீட்டினேன். அவர் கையெழுத்துப் போட்டுக்கொண்டே சொன்னார்:

"உங்களோட வேலை செய்றது கஷ்டம்தான் பிள்ள. இல்லாம செய்றது அத விடக் கஷ்டம்."

பிடிவாதக்காரி என்று கொழும்பில் எனக்குப் பேர் விழுந்துவிட்டதாம். அந்தப் பேருக்கு மட்டும் பேக்கப் தேவையில்லை.