பெருவிரலை முந்திய விரல்

சைகோனில் எனக்கு வழக்கமாக ரப்பர் செருப்பு விற்கும் அம்மாள் இன்றுவரை என் முகத்தைப் பார்த்ததில்லை. பென் தான் என்ற சந்தையின் வாசலில் ஒரு குட்டை முக்காலியில் உட்கார்ந்து, எதிரே வந்து நிற்கும் கால்களை மட்டும் பார்ப்பாள். என் கால் வந்து நின்றதும் "ட்ரோய் ஓய்" என்று கடவுளைக் கூப்பிடுவாள். பிறகு பெரிய அளவு ஒன்றை எடுத்து முன்னால் தள்ளுவாள். நான் அதைத் திருப்பித் தள்ளிவிட்டுச் சின்னதைக் காட்டுவேன். அவள் என் காலைச் சுட்டி ஏதோ முறையிடுவாள், நானும் தமிழில் ஏதோ சொல்வேன். இருவரும் ஒருவர் சொல்வதை ஒருவர் கேட்பதில்லை. கடைசியில் சின்னதைத்தான் வாங்கிவருவேன்.

அவளைக் குறை சொல்ல முடியாது. என் இரண்டு பாதங்களிலும் பெருவிரலுக்கு அடுத்த விரல் பெருவிரலைத் தாண்டி அரை அங்குலம் நீண்டிருக்கிறது. மற்ற விரல்களுக்குப் பொருந்தும் செருப்பில் அந்த ஒன்று மட்டும் வெளியே தொங்கும். அந்த ஒன்றுக்குப் பொருந்தும் செருப்பிலோ குதிகாலுக்குப் பின்னால் இன்னொருவரைக் குடிவைக்கலாம். இந்த ஊரில் வீடு, கோயில், தெரிந்தவர் கடை என்று எங்கே போனாலும் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்கிறோம். அதனால் கால் ஓர் அடையாள அட்டையாகிவிட்டது. எங்கள் ஊர் காரைக்காலிலும் கழற்றுவோம்தான். ஆனால் அங்கே ஒருவர் குனிந்து இன்னொருவர் காலை நிதானமாகப் பார்க்கிறார் என்றால் வீட்டில் பெண் பார்க்க வந்திருக்கிறார்கள் என்று பொருள்.

படிக்கிற நம்மவர்களுக்கு விளக்கம் வேண்டியதில்லை. ஆணுக்கு அந்த விரல் நீண்டிருந்தால் அது வெறும் விரல். பெண்ணுக்கு நீண்டிருந்தால் புருஷனை அடக்கி ஆள்வாள். என் அம்மா இதில் மிகவும் கறார். எனக்குப் பெண் தேடியபோது திருநள்ளாறு முதல் நாகூர் வரை பல வீடுகளில் கால்களைப் பரிசோதித்து, கடைசியில் ஒரு குறையும் சொல்ல முடியாத பாதங்களைக் கண்டுபிடித்தார். விரல்கள் படிக்கட்டு மாதிரி ஒன்றன் பின் ஒன்றாக இறங்கும். அந்தப் பாதங்களுக்கு உரியவள்தான் என் மனைவி செல்லம்மாள். திருமணமான மறுநாள் முதல் என்னை அவள்தான் ஆள்கிறாள். சாஸ்திரத்தின் மீது எனக்கு வேறு புகார் இல்லை.

சைகோனில் என் உத்தியோகம் பிரெஞ்சு அரசின் துறைமுக அலுவலகத்து அனுமதிப் பிரிவில். எந்த மனுவுக்கு எத்தனை நகல், எந்த முத்திரைக்கு மேல் எந்த முத்திரை என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். பிரெஞ்சுக்காரன் வெயிலை ஒரு காரணமாக ஏற்றுக்கொண்டவன் இல்லை. குமாஸ்தாக்கள் மூடிய தோல் காலணியில்தான் வரவேண்டும், அதுவும் கூர்மூக்கு வைத்தது. சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் மூன்றையும் அலுவலகச் சுவரில் எழுதிவைத்திருந்தார்கள். என் காலணிக்குள் மூன்றுக்கும் இடமில்லை. பணிக்காலம் முழுவதும் என் இரண்டாவது விரல் முட்டிபோட்டபடியே குடியரசுக்குச் சேவை செய்தது.

பிரெஞ்சுக்காரர்கள் மூட்டை கட்டத் தொடங்கிய காலத்தில் எங்கள் மகள் வசந்தாவுக்கு வரன் வந்தது. அவள் ஒரு பிரெஞ்சுக் கம்பெனியில் தட்டச்சு செய்துகொண்டிருந்தாள். அந்தக் கம்பெனியும் மூட்டை கட்டிக்கொண்டிருந்தது. நகரில் நம்மவர் குடும்பங்கள் வாரத்துக்கு ஒன்றாகக் குறைந்துகொண்டிருந்தன. மாப்பிள்ளை நடேசன் வங்கியில் குமாஸ்தா, சொந்த ஊர் நமக்குப் பக்கத்திலேயே திருமலைராயன்பட்டினம். அவனைப் பிரான்சின் மார்செய் நகரத்துக்கு மாற்றியிருந்தார்கள். கப்பலேறுவதற்கு முன் கல்யாணம் முடிய வேண்டும் என்பது அவன் தாயார் காமாட்சியம்மாளின் உத்தரவு.

வெள்ளிக்கிழமைதோறும் த்ருவோங் டின் தெரு மாரியம்மன் கோயிலில் வசந்தா அவனைப் பார்த்திருக்கிறாள். பேசியதில்லை. அவன் தலை நிமிர்ந்தால்தானே பேசுவதற்கு. ஆனாலும் வரன் விஷயம் வந்த அன்று அவள் தட்டச்சு இயந்திரம் மாதிரி ஒரே வரியில் முடித்துவிட்டாள்.

"இந்த எடம்னா சரிப்பா. இது இல்லேன்னா வேற யாரையும் கூட்டிட்டு வராதீங்க."

சிக்கல் என்னவென்றால் வசந்தாவின் கால் என் கால். அச்சு அசல். காமாட்சியம்மாளோ, சைகோனை ஒட்டிய ஷோலோனில் ஒரு நல்ல குடும்பத்துப் பெண்ணைக் காலைப் பார்த்தே தட்டிக்கழித்தவர். இந்தச் செய்தி தெரிந்த அன்றிலிருந்து என் மனைவி என் முகத்தைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு, செருப்புக்கார அம்மாளைப் போல என் காலையே பார்த்துப் பேசினாள். "சொத்து எழுதி வைக்க வக்கில்ல, வெரல எழுதி வச்சிருக்கீங்க" என்றாள்.

கான் ஹொய் பகுதியில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரி பா து எங்கள் வீட்டுக் கலவரத்தின் காரணம் கேட்டு வந்தாள். பா என்றால் அம்மாள், து என்றால் நாலாவது. நாலாவதம்மாள் என்பதற்கு மேல் அவள் பெயர் எங்களுக்குத் தெரியாது. வசந்தாவின் காலைக் காட்டி விளக்கினேன். விரலுக்கும் புருஷனுக்கும் என்ன தொடர்பு என்பது அவளுக்குக் கடைசிவரை விளங்கவில்லை. ஏதோ அழகுப் போட்டி என்று நினைத்துக்கொண்டாள் போல. தன் மரக்கட்டைச் செருப்பை உதறிவிட்டுத் தன் காலை நீட்டினாள். பெருவிரல் மற்ற நான்கிடமும் கோபித்துக்கொண்டு தனியே விலகி நின்றது. இந்த மண்ணின் ஆதிக்குடிகளுக்கு மட்டும்தான் இப்படி இருக்கும், இப்போதெல்லாம் பார்ப்பது அரிது என்று பெருமையோடு சொல்லிவிட்டுப் போனாள்.

நடைமுறை தெரிந்தவன் என்ற முறையில் தீர்வைக் கண்டுபிடித்தது நான்தான். வீட்டில் பெண் பார்த்தால் வெறுங்கால், கோயிலில் பார்த்தாலும் வெறுங்கால். காலணியோடு உள்ளே போவது மரியாதை என்று கருதப்படும் இடம் இந்த ஊரில் பிரெஞ்சுக்காரனுடையது மட்டுமே. எங்கள் கான் ஹொய்க்கு வரும் பாலத்தில் சிப்பாய்கள் சோதனை போடுகிறார்கள், பெரியவர்களுக்குச் சிரமம், ஆகவே நகரின் நடுவில் இருக்கும் பத்திஸ்ரியில், அதாவது கேக் கடையில், சந்திக்கலாம் என்று சொல்லியனுப்பினேன். சிப்பாய்கள் சோதனை போட்டது உண்மைதான். சண்டைக்காலத்தில் நமக்குக் கிடைக்கும் ஒரே சலுகை, எதற்கும் ஒரு காரணம் தயாராக இருப்பது.

அடுத்தது காலணி. பிறந்ததிலிருந்து கட்டைச் செருப்பில் நடந்த பெண், அவளிடம் மூடிய காலணி கிடையாது. பிரெஞ்சு மதாம் ஒருத்தியின் கடைக்குப் போனோம். அவளும் கடையைக் காலி செய்துகொண்டிருந்தாள். வசந்தாவின் காலைக் கையில் ஏந்திப் பார்த்தவள் முகம் மலர்ந்து, "பியே க்ரெக்" என்றாள். என்ன வியாதி என்று என் மனைவி கேட்டாள். வியாதியில்லை, கிரேக்கப் பாதம் என்கிறாள், பாரிஸில் பளிங்குச் சிலைகளுக்கெல்லாம் இப்படித்தான் இருக்குமாம், அழகின் இலக்கணமாம் என்று மொழிபெயர்த்தேன்.

"நாம என்ன கிரேக்க தேசத்துக்கா பொண்ணு குடுக்கப் போறோம்? மூடுனது இருக்கான்னு கேளுங்க" என்றாள் என் மனைவி.

இருந்தது ஒரே ஜோடி. வெள்ளை, கூர்மூக்கு, உயர்ந்த குதி. வசந்தாவின் அளவைவிட இரண்டு அளவு சின்னது. பெரிய அளவுகள் எல்லாம் முந்திய கப்பலிலேயே போய்விட்டன என்று மதாம் வருத்தப்பட்டாள். பேரரசுகள் விலகும்போது பெரியதை முதலில் எடுத்துக்கொண்டு, சின்னதை நமக்கு விட்டுப்போகும் என்பதை நான் அன்றுதான் கண்ணால் பார்த்தேன். வசந்தா பல்லைக் கடித்துக்கொண்டு காலை உள்ளே திணித்தாள். விரல் மறைந்தது. என் மனைவி திருப்தியாகத் தலையாட்டினாள்.

குறித்த நாளில் பத்திஸ்ரியில் நாங்கள் முதலில் போய் உட்கார்ந்திருக்க வேண்டும். அதுதான் என் திட்டம், உட்கார்ந்தவள் எழுந்திருக்கவே தேவையில்லை. ஆனால் உண்மையிலேயே பாலத்தில் சோதனை நடந்து நாங்கள் தாமதித்துவிட்டோம். காமாட்சியம்மாள் நாற்காலியில் சம்மணமிட்டு, எதிரே இருந்த கிரீம் கேக்கைச் சந்தேகத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார். அதில் முட்டை இருக்கிறதா என்று பரிசாரகனிடம் கேட்டிருப்பார் போலிருக்கிறது. அவன் முட்டை வேண்டுமென்கிறார் என்று புரிந்துகொண்டு இரண்டு அவித்த முட்டைகளைத் தட்டில் வைத்துவிட்டுப் போயிருந்தான். பக்கத்தில் நடேசன் தலை குனிந்து தரையின் ஓடுகளைப் படித்துக்கொண்டிருந்தான்.

வாசலிலிருந்து அந்த மேசைவரை வசந்தா நடந்தாள். நடந்தாள் என்பது என் தரப்பு வாதம். பார்த்தவர்களுக்கு அது ஒரு கால் நொண்டி மறுகாலுக்கு வழிவிடுவதாகத் தெரிந்தது. மேசையை நெருங்கும்போது சரிந்து என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

காமாட்சியம்மாள் கேக்கை விட்டுவிட்டு எங்களைப் பார்த்தார். குரல் உயரவில்லை. "பொண்ணுக்குக் கால் ஊனம்னு ஒரு வார்த்த முன்னாடியே சொல்லியிருக்கலாம். கப்பல்ல ஏணி ஏறணும், அந்த ஊர்ல குளிரு. தெரிஞ்சே மறைக்கிறது நல்லாயில்லீங்க" என்றார்.

ஒரு விரலை மறைக்கப் போய் ஒரு காலையே இழந்துவிட்டோம். ஒரு மனு தள்ளுபடியானால் மேல்முறையீடு எங்கே என்று எனக்கு எப்போதும் தெரியும். அன்று தெரியவில்லை. வெயில், பாலம், வழியில் சுளுக்கு என்று என் மனைவி தொடங்கினாள். நடேசன் தலையைத் தூக்காமலே, அந்த வெள்ளைக் காலணிகளைக் குழப்பத்தோடு பார்த்துக்கொண்டிருந்தான், தப்பான மேசைக்கு யாரோ வந்துவிட்டதைப் போல.

வசந்தா என் தோளை விட்டாள். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு இரண்டு காலணிகளையும் கழற்றி மேசைக்கடியில் தள்ளினாள். பிறகு அந்தக் கடை முழுவதும் பார்த்துக்கொண்டிருக்க, வெறுங்காலோடு கண்ணாடிப் பெட்டிவரை நேராக நடந்து, திரும்பி, நேராக வந்து நின்றாள். ஒரு ராணுவ அதிகாரி ஐஸ்கிரீம் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

"கால்ல ஒண்ணுமில்லீங்கம்மா. செருப்புதான் சின்னது" என்றாள்.

காமாட்சியம்மாள் குனிந்தார். எங்கே பார்க்கக் கூடாதென்று இத்தனை ஏற்பாடு செய்தோமோ அங்கேயே பார்த்தார். என் மனைவி கண்ணை மூடிக்கொண்டாள். அப்போதுதான் நடேசனின் குரலை நாங்கள் முதல்முறையாகக் கேட்டோம்.

"இவங்கதாம்மா" என்றான் தரையைப் பார்த்தபடி. "கோயில்ல பாக்குறது இவங்களத்தான். செருப்போட வந்ததுல எனக்கே அடையாளம் தெரியல."

"வெரலப் பாத்தியாடா?"

"ரெண்டு வருஷமா அதத்தாம்மா பாக்குறேன்."

காமாட்சியம்மாள் மகனைப் பார்த்தார், வசந்தாவைப் பார்த்தார். பிறகு யாரிடம் என்றில்லாமல், "சைக்கிளோ ரிக்ஷாக்காரன் தப்பான தெருவுல எறக்கிவிட்டாக்கூட இவன் வாயத் தொறக்க மாட்டான். இத்தன நாளா நான் ஆண்டேன். மார்செய்ல யாரு ஆளுறது?" என்றார். வசந்தாவைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார். ஷோலோன் பெண்ணின் அந்த விரல் வசந்தாவுடையது அளவுக்கு நீளமில்லையாம், நீண்டும் நீளாத மாதிரி, அதனால்தான் வேண்டாமென்றாராம். ஆளுவதென்றால் ஒழுங்காக ஆள வேண்டும் என்பது அவர் கட்சி. என் மனைவி முதல்முறையாக இன்னொரு பெண்ணின் கட்சியில் சேர்ந்தாள்.

அந்த மாதமே மாரியம்மன் சந்நிதியில் கல்யாணம். மெட்டி போடும்போது அந்த விரலில் இடத்துக்குப் பஞ்சமில்லை. பிறகு கப்பல். வெள்ளைக் காலணிகளை வசந்தா பா துவின் மருமகளுக்குக் கொடுத்துவிட்டுப் போனாள். மார்செயிலிருந்து வரும் கடிதங்களில், அங்கே எல்லா அளவும் கிடைக்கிறது, எனக்கானது மட்டும் இல்லை, பெரிதாக வாங்கிக் குதிகாலில் பஞ்சு அடைத்துக்கொள்கிறேன் என்கிறாள். பஞ்சு அடைக்கும் வேலையை நடேசன் செய்கிறானாம்.

இப்போது பிரெஞ்சுக்காரன் இல்லை. அமெரிக்கர்கள் பெரிய பூட்ஸுகளோடு வந்திருக்கிறார்கள், அவற்றில் எந்த விரலுக்கும் இடமிருக்கும். நாங்களும் மார்செய் போகலாம், பிரெஞ்சுக் குடியுரிமை இருக்கிறது. என்னென்ன மனு, எத்தனை நகல், எந்த முத்திரை எல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்ததால்தானோ என்னவோ இன்னும் எழுதவில்லை. காரைக்காலுக்குத் திரும்பும் முறையும் தெரியும். அதையும் எழுதவில்லை.

மாலையில் ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு கான் ஹொய் பாலத்தில் ஏறுகிறேன். பெரிய அளவு வாங்கினால் ஏற்றத்தில் குதிகால் வழுக்கும், அதனால்தான் சின்னது என்று மனைவியிடம் சொல்லியிருக்கிறேன். பாலத்தின் நடுவில் நின்று கப்பல்களைப் பார்க்கும்போது கீழே குனிந்தால் தெரிகிறது. நானும் என் பாரமும் செருப்பின் மேல், எந்த ஊரையும் தொடாமல் நிற்கிறோம். அந்த ஒரு விரல் மட்டும் விளிம்பைத் தாண்டி இறங்கி, இந்த ஊர்த் தூசியைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. அதன் நுனி கடல் இருக்கும் பக்கம் நீண்டிருக்கிறது.