கோபத்தோடு சேர்த்து அழித்த குழி

மூன்று வருடங்களுக்கு முன்பு, மே மாத மழை விடாமல் பெய்த ஒரு வாரத்தில் இது நடந்தது. அப்போது நான் எம்பிலிப்பிட்டிய சந்தையில் லொறிகளுக்கு வாழைக்குலை ஏற்றிக்கொண்டிருந்தேன். பிறந்தது பெல்மதுளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டேன். பிறகு இரத்தினக்கல் தோண்டும் குழி, கொழும்பில் சாப்பாட்டுக் கடை, கேகாலைப் பக்கம் ரப்பர் பால் வெட்டு, சீமெந்து லொறி என்று போய்க்கொண்டே இருந்தேன். ஓரிடத்திலும் ஒரு வருடம் முழுதாக நின்றதில்லை. யாரும் துரத்தவில்லை, காலுக்கு அப்படிப் பழகிவிட்டது.

தோட்டத்தில் எனக்கு மிச்சமிருந்தது அக்கா குடும்பம் மட்டும்தான். மலை அடிவாரத்து லயத்தில், ஒட்டி ஒட்டிக் கட்டிய அந்த வீட்டு வரிசையில், மூன்றாவது காம்பரா அவர்களுடையது. எங்கள் தோட்டத்து ஆட்களுக்கென்று போனில் ஒரு குரூப் இருந்தது. தோட்டத்தில் இருப்பவர்களும், கொழும்பிலும் வெளிநாட்டிலும் வேலை செய்பவர்களுமாக நிறையப் பேர் அதில் இருந்தார்கள். திருவிழாப் படமும் சாவுச் செய்தியும்தான் பெரும்பாலும் வரும். அந்த வாரம் வேறு செய்தி வந்தது. லயத்துக்குப் பின்னால் மலையில் வெடிப்பு விழுந்திருக்கிறது, அங்குள்ள இருபத்திரண்டு குடும்பங்களும் இடம் மாற வேண்டும் என்று அதிகாரிகள் சொல்லிவிட்டார்கள்.

இரண்டு இடம் காட்டியிருந்தார்கள். ஒன்று, தோட்டத்துக்குள்ளேயே இருக்கும் பழைய விளையாட்டு மைதானம். இன்னொன்று, ஏழு மைலுக்கு அப்பால் வேறொரு தோட்டத்து நிலம். எது வேண்டும் என்று எல்லாரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டு, திங்கட்கிழமைக்குள் பிரதேச செயலகத்தில் கடிதம் கொடுக்க வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் அந்த மழைக்காலம் முழுவதும் பள்ளிக்கூட மண்டபத்தில் பாய் விரிக்க வேண்டியதுதான்.

செம்பருத்திப் பூவைப் படமாக வைத்திருந்த ஒருவர் மைதானம்தான் நல்லது என்று எழுதியிருந்தார். பள்ளிக்கூடம் பக்கம், கோயில் பக்கம், கொழுந்து எடுக்கும் பெண்களுக்கு வேலையும் போகாது என்று ஒவ்வொரு காரணமாக, அவசரமில்லாமல் எழுதியிருந்தார்.

வாசித்ததும் எனக்குத் தலை சூடேறியது. அந்த மைதானத்தின் கீழ்ப் பக்கத்தில் நான் இரத்தினக்கல் குழிக்குள் இறங்கி வேலை செய்திருக்கிறேன். இடுப்பளவு தண்ணீரில் நின்று மண் அள்ளியிருக்கிறேன். ஒருமுறை பக்கச் சுவர் இடிந்து என் இடது கால் எலும்பு முறிந்ததும் அங்கேதான். குழியில் ஒன்றும் அகப்படாமல் போனதும், முண்டு கொடுத்திருந்த மரங்களை உருவி எடுத்துக்கொண்டு, மண்ணைச் சும்மா தள்ளி மூடிவிட்டுப் போனோம். மிதித்து இறுக்க யாருக்குப் பொறுமை? அதன் மேல் புல் முளைத்தது. பிறகு வந்தவர்களுக்கு அது மைதானம்.

இதை எழுத வேண்டிய முறையில் நான் எழுதவில்லை. லொறி மறைவில் நின்று, வாழைக்கறை படிந்த விரலால் தட்டினேன்.

"கிரவுண்டு முழுக்க கல் குழி. அங்க வீடு கட்டுனா குடும்பத்தோட மண்ணுக்குள்ள போவீங்க. போகச் சொல்றவன் தொர ஆபீஸ்ல வாங்கித் தின்னவன்."

இங்கே எழுதியிருப்பது திருத்திய வடிவம். அங்கே நான் எழுதியதில் சொல்லுக்கு ஒரு பிழை இருந்தது. கொழும்பில் வேலை செய்யும் ஒருவன் உடனே கீழே எழுதினான்: "குழி தோண்டத் தெரிஞ்ச ஐயாவுக்கு எழுத்தத் தோண்டத் தெரியல போல." வரிசையாகச் சிரிக்கும் முகங்கள் வந்து விழுந்தன. ஒருவர் சிங்களத்திலும் கேலி செய்தார். குழியைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கேட்டது அந்தச் செம்பருத்திப் பூ மட்டும்தான். தோட்ட நிர்வாக ஆபீஸில் காசு வாங்கித் தின்றதாக நான் சொன்ன அதே ஆள்.

"எழுத்துப் பிழைய விடுங்க. குழி இருக்கா இல்லையா, அதப் பேசுவோம்" என்று முதலில் கேலி செய்தவர்களுக்கு ஒரு வரி. பிறகு எனக்கு. நான் சொன்னதைச் சரியாக விளங்கிக்கொண்டாரா என்று பார்க்கச் சொல்லி, என் வாதத்தையே எழுதியிருந்தார். முன்பு கல் தோண்டிய குழிகளை இறுக்காமல் மூடியிருக்கிறார்கள், மழையில் அந்த மண் கீழே இறங்கும், மேலே கட்டிய வீட்டின் அத்திவாரம் வெடிக்கும், ஆகவே மலைச் சரிவுக்குத் தப்பி வந்தும் பயன் இல்லை. "இதுதானே அண்ணே சொல்ல வர்றீங்க?"

இதுதான். நான் சொன்னதைவிட நன்றாக இருந்தது. அதற்குப் பிறகு மூன்று கேள்விகள். எந்தக் குழியைக் கண்ணால் கண்டீர்கள், எதைப் பிறர் சொல்லிக் கேட்டீர்கள், எது இருக்கும் என்று நீங்களாக நினைக்கிறீர்கள்?

ஒழுங்கான மனிதனாக இருந்தால் பதில் சொல்லியிருப்பேன். ஆனால் அத்தனை பேர் சிரித்த பிறகு, மரியாதையாகக் கேட்டதும் எனக்கு நக்கலாகத்தான் பட்டது. கேள்வி கேட்டு மடக்கப் பார்க்கிறான் என்று நினைத்தேன். இன்னொரு கருத்து எழுதினேன். அதில் குழியே இல்லை. உன் குடும்பமே ஆபீஸுக்கு விலைபோன குடும்பம், டவுனில் உட்கார்ந்துகொண்டு லயத்து சனத்தைப் புதைக்கப் பார்க்கிறாய் என்று இருந்தது. அதைவிட மோசமான இரண்டு சொற்களும் இருந்தன. அவற்றை இங்கே எழுத முடியாது.

அரை மணி நேரத்தில் அக்கா எனக்குப் போன் எடுத்தாள்.

"அது யாருன்னு தெரியுமாடா ஒனக்கு? கடைசிக் காம்பராப் புள்ளடா. அவங்க அடுப்படிக்குள்ளதான்டா வெடிப்பு வந்திருக்கு. ராவுல அப்பனும் மகளும் மாத்தி மாத்தி முழிச்சிக்கிட்டு இருக்காங்க. நீ என்னாத்துக்குடா வாய வச்சிக்கிட்டு சும்மா இருக்க மாட்டேங்குற?"

பெண் என்றுகூட நான் நினைத்திருக்கவில்லை. பெல்மதுளையில் ஒரு மருந்துக் கடையில் வேலை செய்கிறாளாம். நான் தோட்டத்தை விட்டுப் போகும்போது சின்னப் பிள்ளையாக இருந்திருப்பாள். நான் எழுதிய இரண்டு கருத்துகளையும் உடனே அழித்தேன். கைகழுவியது போல இருந்தது. இனி இந்தப் பேச்சே வேண்டாம் என்று போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு குலை தூக்கப் போனேன்.

மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோது எனக்குத் தனியாக ஒரு செய்தி வந்திருந்தது. ஏச்சுத்தான் வந்திருக்கும் என்று பயந்துகொண்டே திறந்தேன்.

"அண்ணே, திட்டுனத அழிச்சது சரி. ஆனா கோவத்தோட சேத்து குழியையும் அழிச்சிட்டீங்களே. அந்தக் குழிதான் எங்களுக்கு வேணும்."

சோற்றில் கை வைத்தபடி அதைப் பல தடவை வாசித்தேன். எனக்கு அவமானம்தான் பெரிதாக இருந்தது. அவளுக்கு இருபத்திரண்டு குடும்பம் கையெழுத்துப் போடப்போகும் இடத்தின் அடியில் என்ன இருக்கிறது என்பது பெரிதாக இருந்தது. நான் அழித்ததோடு, அவள் கேட்ட கேள்விகள் மட்டும் நின்றன, குழியைக் கண்டவன் சொன்ன எச்சரிக்கை குரூப்பில் இல்லாமல் போய்விட்டது. தொடர்ந்து எழுதியிருந்தாள்: சனிக்கிழமை பௌர்ணமி, போயா லீவு, அன்றைக்கு வர முடியுமா, மண்ணைக் குத்திப் பார்க்கிற நீளக் கம்பி எங்கே கிடைக்கும் என்று சொன்னால் தேடி வைக்கிறேன்.

கல் குழி வேலை செய்பவர்கள் தோண்டுவதற்கு முன் அந்தக் கம்பியை மண்ணுக்குள் இறக்கிப் பார்ப்பார்கள். கையில் வருகிற அதிர்விலேயே உள்ளே இருப்பது கல்லா, களிமண்ணா, இளகிய மண்ணா என்று சொல்லிவிடலாம். குழி வேலையில் எனக்குப் படிந்த ஒரே படிப்பு அது. யாரிடம் கம்பி இருக்கும் என்று எழுதி அனுப்பினேன்.

சனிக்கிழமை காலை பஸ் ஏறிப் போனேன். மழை கொஞ்சம் விட்டிருந்தது. மைதானத்தில் பதினைந்து பேர் வரை நின்றார்கள். அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஒல்லியாக, மடக்கிய குடையோடு, செருப்பெல்லாம் சேறாக ஒரு பெண் முன்னால் வந்து, "வாங்கண்ணே, தேத்தண்ணி குடிச்சிட்டு ஆரம்பிப்போமா?" என்று கேட்டாள். அவ்வளவுதான். அவள் அப்பாதான் விடவில்லை.

"நம்மள ஆபீஸுக்கு வித்தவங்கன்னு சொன்னது இவருதானா? எவ்வளவுக்குப் போனோம்னு கேளும்மா. நமக்கு இன்னும் வந்து சேரலையே."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரிக்க வேண்டியதாயிற்று. மன்னிப்பு என்ற சொல் வாய்க்குள்ளேயே நின்றுவிட்டது.

அவள் ஒரு கொப்பியில் மைதானத்தைப் படமாக வரைந்து, கட்டம் போட்டு வைத்திருந்தாள். ஒவ்வொரு கட்டத்திலும் நான் ஒருமுறை குத்த வேண்டும், பிறகு மைதானம் வேண்டும் என்று சொல்பவர்களில் ஒருவர் குத்த வேண்டும் என்று சொன்னாள். "நாளைக்கு யாரும் யாரையும் ஏமாத்துனதா சொல்லக் கூடாது பாருங்க." அவள் பக்கத்துக்கு அவள் அப்பாவே நின்றார். வேலை செய்து காய்த்த கை, கம்பியை ஒழுங்காகப் பிடித்தார்.

கீழ் மூலையில் ஆரம்பித்தோம். நான் கால் முறிந்து கிடந்த இடம் கிட்டத்தட்ட அதுதான். கம்பி வெந்த கிழங்கில் இறங்குவது போல இறங்கியது. முழுக் கம்பியும் போய், என் கை மண்ணைத் தொட்டது. அவள் அப்பா பக்கத்தில் இன்னொரு இடத்தில் குத்தினார். அதேதான். அவர் நிமிர்ந்து மகளைப் பார்த்தார். அவள் எழுதிக்கொண்டாள்.

எனக்கு உள்ளுக்குள் பெருமையாக இருந்தது, அதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் மேலே போகப் போகப் பெருமை குறைந்தது. மைதானத்தின் நடுவைத் தாண்டியதும் கம்பி இரண்டடியில் நின்றது. இடம் மாற்றிக் குத்தினேன், நின்றது. முழுப் பலத்தையும் போட்டேன், உள்ளங்கை எரிந்ததுதான் மிச்சம். மேல் பாதி முழுக்க இறுகிய பழைய மண். அங்கே ஒருவரும் ஒரு காலத்திலும் தோண்டியிருக்கவில்லை.

அப்போதுதான் அவளுடைய மூன்று கேள்விகளுக்கும் நான் மனதுக்குள் பதில் சொன்னேன். கண்ணால் கண்டது ஒரு குழி. பிறர் சொல்லிக் கேட்டது இரண்டு. மற்றதெல்லாம் கோபத்தில் நானே தோண்டியது. நான் எழுதியதை அப்படியே நம்பியிருந்தால் இந்தச் சனம் நல்ல நிலத்தை விட்டுவிட்டு ஏழு மைல் போயிருக்கும். நம்பாமல் சிரித்துவிட்டுப் போயிருந்தால் கீழ் மூலையில் அத்திவாரம் வெட்டியிருக்கும். இரண்டுக்கும் நடுவில் நின்றது ஒரு பெண் கேட்ட கேள்வி.

தேநீர் குடிக்கும்போது அவளிடம் கேட்டேன், இப்படிப் பேச எங்கே படித்தாய் என்று. அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஏ.எல். உயர்தரப் பரீட்சை சரிவரவில்லை, பெரிய படிப்பெல்லாம் இல்லை என்றாள். "கடைப் பழக்கம்ணே. டாக்டர் எழுதுன துண்டுல இருக்க மருந்தத் திருப்பி வாசிச்சி, இதுதானேன்னு கேக்காம குடுக்கக் கூடாது. ஆளு கோவமா நின்னாலும் கேக்கணும். கோவத்தப் பாத்து மருந்த மாத்திக் குடுத்துட்டா?"

பின்னேரம் பஸ்ஸில் திரும்பும்போது போன் அதிர்ந்தது. குரூப்பில் அவள் கொப்பிப் படத்தைப் போட்டு, எந்தெந்தக் கட்டத்தில் கம்பி எத்தனை அடி இறங்கியது என்று எழுதியிருந்தாள். மேலே இரண்டு வரி.

"கீழ் மூலை விஷயத்துல நான் சொன்னது பிழை. அண்ணன் சொன்னதுதான் சரி."

மைதானம் நல்லது என்று தான் முதலில் எழுதியதை அவள் அழிக்கவில்லை. அது அங்கேயே இருந்தது. மேல் பாதியைப் பற்றி அவள் சொன்னது சரியாகிப்போனதை, நான் சொன்னது பொய்யாகிப்போனதை, ஒரு எழுத்துக்கூட எழுதவில்லை. தன் பிழையை மட்டும் எழுதிவிட்டு, என் பிழையை எனக்காக விட்டு வைத்திருந்தாள்.

கஹவத்தை தாண்டும்போது தட்டத் தொடங்கினேன். எம்பிலிப்பிட்டிய வந்து சேரும்வரை தட்டினேன். முழுக்கக் குழி என்று நான் சொன்னது பிழை, எனக்குத் தெரிந்தது ஒன்றுதான், அந்தக் குடும்பத்தைப் பற்றி எழுதியதற்கு எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்கிறேன். அழித்த கருத்தில் என்ன எழுதியிருந்தேன் என்பதையும், அந்த இரண்டு கெட்ட சொற்களை விட்டு, திரும்ப எழுதினேன். பிழைகள் நிறைய இருந்திருக்கும். கொழும்புக்காரன் முதல் ஆளாக வந்தான். "கம்பி எறங்குன ஆழத்தப் பாத்ததுல எழுத்துப் பிழை ஒன்னும் கண்ணுக்குத் தெரியலண்ணே" என்று எழுதியிருந்தான். அக்காவும் அன்றைக்குத்தான் போன் எடுத்து, 'சாப்பிட்டாயா' என்று கேட்டாள்.

திங்கட்கிழமை இருபத்திரண்டு கையெழுத்தோடு கடிதம் போனது. மைதானத்தின் மேல் பாதி போதும், கீழ் மூலை வேண்டாம் என்று எழுதி, கொப்பிப் படத்தையும் சேர்த்திருந்தார்கள். அதிகாரிகள் தங்கள் கருவிகளோடு வந்து பார்த்து, கீழ் மூலையில் கட்டக் கூடாது என்றே எழுதிக் கொடுத்தார்கள். வேலை மெதுவாகத்தான் நடக்கிறது. இன்றுவரை எட்டு வீடு எழும்பியிருக்கிறது. அக்கா வீட்டுக்குக் கூரை போட்டாகிவிட்டது. அந்தப் பெண்ணின் வீடு இன்னும் அத்திவாரத்தில்தான் நிற்கிறது. மழை பலமாகப் பெய்தால் அவளும் அப்பாவும் பள்ளிக்கூட மண்டபத்துக்குப் போகிறார்கள். அதைப் பற்றியும் குரூப்பில் எழுதுகிறாள், யாரையும் கடிக்காமல், எந்தத் திகதியில் யாரிடம் கேட்டோம், என்ன பதில் வந்தது என்று.

நான் அதற்குப் பிறகும் மூன்று ஊர் மாறிவிட்டேன், வாயும் முழுதாகத் திருந்திவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் போனில் யாரோடாவது மோதும்போது 'முழுக்க', 'எல்லாரும்' என்று தட்டப் போனால் விரல் நின்றுவிடுகிறது, எந்த இடத்தில் கம்பியைக் குத்திப் பார்த்தீர்கள் என்று அந்தப் பெண் மரியாதையாகக் கேட்கிற மாதிரி இருக்கிறது.